யுன்னான் மலையிடுக்கும் உன் முழங்காலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. சின்ன மகளுக்கு வேலை கிடைத்தது என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்கு அதைவிட நிம்மதி. முழங்கால் வலி என்று நீ ஒரு பக்கம் முழுக்கப் புலம்பியிருப்பதை மட்டும் பாதிதான் நம்புகிறேன். பள்ளியில் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னாலே உனக்கு வயிறு வலிக்கும், மறந்துவிடவில்லை.

சரி, சீனாவின் யுன்னான் மாநிலத்துக்குப் போய் வந்தேன் என்று நான் எழுதிய ஒற்றை வரிக்கு நீ கேட்டது இரண்டே கேள்வி. எவ்வளவு ஆச்சு, நம்மால் நடக்க முடியுமா. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் நடந்தது புலி தாண்டிய மலையிடுக்கில் (Tiger Leaping Gorge). லிஜியாங் நகரத்துக்கு வடக்கே அறுபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது அந்த இடம். யாங்சே ஆற்றின் மேல்பகுதிக்கு ஜின்ஷா என்று பெயர். அது தெற்கு நோக்கி வந்துகொண்டே இருந்து, ஷிகு என்ற ஊரில் சட்டென்று வடக்கே திரும்பி, இரண்டு பனிமலைகளுக்கு நடுவே புகுந்துவிடுகிறது. ஒரு கரையில் யூலொங் மலை 5,596 மீட்டர், எதிரே ஹாபா மலை 5,396 மீட்டர். ஆற்றிலிருந்து சிகரம் வரை 3,700 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். நம் மலேசியாவின் கினபாலு மலை கடல்மட்டத்திலிருந்தே 4,095 மீட்டர்தான். கிட்டத்தட்ட அத்தனை உயரம் கழுத்தை நிமிர்த்திய ஒரே பார்வையில் நிற்கிறது. வேடனுக்குப் பயந்து ஓடி வந்த புலி ஒன்று, ஆறு மிகவும் ஒடுங்கும் இடத்தில் நடுப்பாறையில் கால் வைத்து அக்கரைக்குத் தாண்டியதாம், அதனால் இடத்துக்கே புலியின் பெயர். அங்கே ஆற்றின் அகலம் முப்பது மீட்டருக்குள் இருக்கும். தாண்டியிருக்க முடியுமா என்று கேட்காதே. தண்ணீர் அந்தப் பாறையில் மோதுகிற சத்தத்தைக் கேட்டபிறகு, பின்னால் வேடன் வந்தால் நானும் தாண்டிப் பார்த்திருப்பேன்.

போகிறவர்களில் பெரும்பாலோர் கீழே கார் சாலையில் பேருந்தில் வந்து, படிக்கட்டில் இறங்கி, அந்தப் பாறை முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். நடக்கிற பாதை மேலே, ஹாபா மலையின் சரிவில் போகிறது. சியாவ்தோ என்ற சிறு ஊரில் தொடங்கி, அந்தப் பக்கத்து நாஷி இன மக்களின் கிராமங்கள் வழியாகச் செல்லும் பழைய பாதை. மக்காச்சோளம் காயவைத்த முற்றங்கள், அக்ரூட் மரங்கள், வழியை விட மறுக்கும் ஆடுகள். கடினமான பகுதி ஒன்றே ஒன்றுதான், இருபத்தெட்டு வளைவு என்று சொல்கிற ஏற்றம். வளைவுகளை எண்ணத் தொடங்காதே, எதை வளைவு என்று கணக்கில் எடுப்பது என்பதே தெரியாமல் எண்ணிக்கை தப்பும்.

ஏற்றத்தின் அடியிலேயே குதிரைக்காரர்கள் நின்று நம் நடையைப் பார்ப்பார்கள். யாருக்கு மூச்சு வாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் பின்னாலேயே வருவார்கள், குதிரைக் கழுத்து மணி மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். என் பின்னால் வந்தவர் ரொம்ப நேரம் நம்பிக்கையோடு வந்தார். நான் ஏறிவிட்டேன் என்று பெருமை அடிக்கவில்லை, குதிரைமேல் உட்கார்ந்து அந்தச் சரிவைப் பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை. உனக்கு முடியாவிட்டால் தாராளமாக ஏறிக்கொள். பாதையின் உச்சி 2,600 மீட்டரைத் தாண்டும். லிஜியாங்கே 2,400 என்பதால், அங்கே ஓரிரு நாள் தங்கி உடம்பைப் பழக்கிவிட்டுப் போனால் மூச்சுத் தொல்லை பெரிதாக இருக்காது.

உச்சியைக் கடந்துவிட்டால் பாதை கிட்டத்தட்ட சமமாக, மலையை ஒட்டியே போகிறது. எதிரே யூலொங்கின் பாறைச்சுவர், கீழே நூல் மாதிரி ஆறு. சில இடங்களில் பாதையின் அகலம் இரண்டு ஆள் அளவுதான், கைப்பிடி கிடையாது. ஓர் அருவி பாதையின் மேலேயே விழுந்து ஓடுகிறது, செருப்போடு வராதே.

இப்போது பணம். சிக்கனம் என்றால் எல்லா இடத்திலும் கையை இறுக்குவது என்று நீ நினைப்பாய், உன் குணம் தெரியும். இங்கே அப்படிச் செய்யாதே. இறுக்க வேண்டிய இடங்கள் வேறு. கோலாலம்பூரிலிருந்து குன்மிங்குக்கு மலிவு விமானம் போகிறது, அங்கிருந்து லிஜியாங்குக்கு ரயில். நம் மலேசியக் கடப்பிதழுக்கு 2025 ஜூலையிலிருந்து 30 நாள் வரை விசா வேண்டாம், அந்தச் செலவும் மிச்சம். லிஜியாங் விடுதிகளே காலை வேனுக்கு ஏற்பாடு செய்துகொடுக்கும். பெரிய பையைப் பாதை முடிகிற விடுதிக்கு அனுப்பிவிட்டு, முதுகில் ஒரு சின்னப் பையோடு நடக்கலாம். மலைமேல் பொதுஅறைக் கட்டில் ஐம்பது யுவானை ஒட்டித்தான் இருந்தது. சாப்பாடு நூடுல்ஸ், தக்காளி முட்டை வறுவல், நாஷி ரொட்டி, வயிறு நிறையும்.

கையைத் திறக்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, பாதி வழியில் இருக்கிற கிராமத்தில் ஓர் இரவு தங்கு. ஒரே நாளில் ஓட்டமும் நடையுமாக முடித்துவிடுகிற இளைஞர்களைப் பார்த்தேன், அவர்கள் பார்த்ததெல்லாம் தங்கள் காலணிகளைத்தான். காலையில் வெயில் எதிர்மலையின் பின்னாலிருந்து வர வேண்டும், அதனால் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் பாதைக்கு வெளிச்சம் எட்டும். அதுவரை மொட்டைமாடியில் தேநீரோடு உட்காரலாம். அங்கே ஒரு விடுதியின் கழிப்பறை ஜன்னல் காட்சிக்கென்றே பெயர் வாங்கியது. அதற்கு வரிசையில் நின்றேன், சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று, இரண்டாம் நாள் ஆற்றங்கரைக்கு இறங்குகிற இடத்தில் ஊர்க்காரர்கள் வாங்கும் பத்து, பதினைந்து யுவான். நுழைவுச்சீட்டு ஏற்கெனவே வாங்கியாயிற்றே என்று சிலர் அவர்களோடு சண்டை போட்டார்கள். அந்தப் படிகளைப் பாறையில் வெட்டி, சங்கிலி கட்டி, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சரிசெய்வது அந்த வீட்டுக்காரர்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய காசு அது. அங்கே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணியும் உண்டு. உன் முழங்காலுக்கு அது வேண்டாம், சுற்றுப்பாதையில் ஏறு.

இன்னொரு சேதி, எனக்கு இது மனதில் தங்கிவிட்டது. இந்த மலையிடுக்கு 2003லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. இருந்தும் இங்கே பெரிய அணை கட்டும் திட்டம் இருந்தது. ஆற்றின் மேல்பகுதியில் வயலும் வீடுமாக இருந்த ஒரு லட்சம் பேர்வரை இடம்பெயர வேண்டி வந்திருக்கும். உள்ளூர் மக்களும் சூழல் அக்கறை கொண்டவர்களும் எதிர்த்தார்கள், 2007இன் கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. நான் நின்று பார்த்த நெல்வயலுக்கும் அந்தக் கணக்கில் பங்கு இருந்திருக்கும். இப்போது அதே ஆற்றுக்கு மேல் 2023இல் லிஜியாங்கிலிருந்து ஷாங்ரி-லா நகரத்துக்கு ரயில் பாதை வந்துவிட்டது. வேன் மட்டும் ஓடுகிற காலத்திலேயே போய்விட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தாமதம்தான். எனக்கு அதில் வருத்தமில்லை, மலைமேல் ரயில் ஏறாது.

எப்போது போவது என்றால், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வேண்டாம். மழைக்காலத்தில் மண் சரியும், கல் உருளும், பாதையையே மூடிவிடுவார்கள். அக்டோபர் முதல் வாரமும் வேண்டாம், சீனாவில் தேசிய விடுமுறை, படுக்க இடம் கிடைக்காது. தீபாவளி முடிந்து போனால் வானம் தெளிவாக இருக்கும், ஆறும் சேற்றுநிறம் மாறிப் பச்சையாகியிருக்கும். குளிர்ச்சட்டை எடுத்துக்கொள், மாலையில் சட்டென்று குளிரும். கூகள் அங்கே திறக்காது, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள். அலிபே என்ற கைப்பேசிக் கட்டணச் செயலியில் உன் வங்கி அட்டையைச் சேர்த்துவிடு, ரொக்கத்தைப் பார்த்தால் கடைக்காரர்கள் சில்லறைக்குத் தடுமாறுகிறார்கள்.

நான் மறுபடி வரத் தயார். மருத்துவரிடம் முழங்காலைக் காட்டிவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுது, உன் சொந்தக் கருத்தைச் சேர்க்காதே. தங்கச்சிக்கும் நடக்க ஆசை என்றால் சொல், என் வீட்டுக்காரியையும் கிளப்புகிறேன். டிக்கெட் விலை ஏறுவதற்குள் பதில் வர வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்