பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமாருக்கும் கவுன்டரில் நிற்கும் தம்பிமாருக்கும் வணக்கம், ஸலாம்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். தொழில் தொடங்கிய நாளிலிருந்து உங்களிடம்தான் சாமான் வாங்குகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு எத்தனையோ வீட்டுக் கார்கள் ஓடியது உங்கள் தட்டுகளில் கிடந்த பாவித்த பாகங்களை நம்பித்தான். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் பெற்றோல் இன்ஜெக்டர், அதாவது கம்பியூட்டர் சொல்லும்போது திறந்து எஞ்சினுக்குப் பெற்றோலைத் தெளிக்கும் சின்ன வால்வு.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு ரீச்சரின் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தொண்ணூறுகளில் செய்த ஜப்பான் கார், அவருடைய அப்பா வாங்கியது. ஒரு இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று வேறோர் இடத்தில் நாலையும் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு நாள் ஓடியிருக்கிறது. மூன்றாம் நாள் காலை இரண்டு சிலிண்டர் அடிக்கவில்லை. ஒரு இன்ஜெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன், மின்தடை 2.5 ஓம். நல்லவேளை, பழையவற்றை ஒரு பையில் சுற்றி டிக்கியில் வைத்திருந்தார். அதை அளந்தால் 13.8. வயர் மாட்டும் பிளக்கும் ஒரே மாதிரி, நீளமும் ஒரே மாதிரி, ஓரிங் என்கிற ரப்பர் வளையமும் ஒரே மாதிரி. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. ஆனால் எஞ்சின் ஓடும்போது வரும் 14 வோல்ட்டில் பழையது ஒரு அம்பியர் இழுக்கும். மாற்றியது 5.6 அம்பியர் வரை போகும். அந்தக் காரின் கம்பியூட்டர் ஒரு அம்பியர் வேலைக்குச் செய்தது. பெட்டியைத் திறந்ததுமே கருகின மணம். போர்டில் இரண்டு ட்ரான்சிஸ்டர் வெந்து போயிருந்தது.

குறைந்த ஓம் இன்ஜெக்டர் கெட்ட சாமான் இல்லை. பழைய டேர்போ எஞ்சின்கள் பலவற்றில் அதுதான் இருக்கும். அங்கே கம்பியூட்டருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் பெட்டி இருக்கும், அல்லது முதலில் பலமாக இழுத்துத் திறந்து பிறகு குறைந்த மின்னோட்டத்தில் பிடித்து வைக்கும்படி கம்பியூட்டரையே செய்திருப்பார்கள். சாதாரணக் காரில் இரண்டும் இல்லை. 2 முதல் 4 ஓம் ஒரு இனம், 12 முதல் 16 ஓம் இன்னொரு இனம். பிளக் ஏறுகிறது என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட முடியாது.

சரி, ஓம் பொருந்திவிட்டது என்று வையுங்கள். அடுத்தது அளவு, அதாவது நிமிடத்துக்கு எவ்வளவு பெற்றோல் விடும் என்பது. கம்பியூட்டர் பெற்றோலை அளப்பதில்லை. உள்ளே போகும் காற்றைப் பார்த்து, இன்ஜெக்டரை இத்தனை மில்லிசெக்கன் திற என்று மட்டும் சொல்லும். திறந்தால் எவ்வளவு வரும் என்பதைத் தொழிற்சாலையில் கணக்குப் போட்டு அதற்குள் எழுதிவிட்டார்கள். நாம் 30 சதவீதம் பெரியதைப் போட்டால், ஒட்சிசன் சென்சர் பார்த்து அது நேரத்தைக் குறைத்துக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும். பெரும்பாலும் 20, 25 சதவீதத்தோடு அதன் கை முடிந்துவிடும். அப்புறம் எஞ்சின் விளக்கு எரியும், பெற்றோல் கூடிவிட்டது என்பதற்கான பி0172 கோட் வரும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், புகைப் பரிசோதனையில் கார் திரும்பி வரும். சிறியதைப் போட்டால் இன்னும் மோசம். நகரத்துக்குள் ஒன்றும் தெரியாது. கண்டிக்குப் போகிற வழியில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போதுதான் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறித் தட்டத் தொடங்கும்.

அளவைச் சொல்லும்போது அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 240 சீசீ என்றால் வழக்கமாக 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 240 சீசீ. டொயோட்டாவின் பல பெற்றோல் எஞ்சின்களில் குழாயில் இருப்பது 304 முதல் 343 கிலோபாஸ்கல். நிசானில் பலவற்றுக்கு 350. அதாவது மூன்றரை பார். அதே இன்ஜெக்டர் அங்கே 259 சீசீ விடும். அழுத்தத்தின் வர்க்கமூலத்தின்படிதான் அளவு கூடும். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் பெற்றோல் 1.41 மடங்குதான். இது தெரியாமல் பெற்றோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றி அழுத்தத்தை ஏற்றி, சின்ன இன்ஜெக்டரைப் பெரிதாக்கப் பார்க்கிற கராஜ்காரர்களும் இருக்கிறார்கள். அது எங்கள் பக்கத்துப் பிழை, அதை நான் மறைக்கவில்லை.

ஐட்லிங்கில் இன்ஜெக்டர் திறந்திருப்பதே 2, 3 மில்லிசெக்கன். அதில் ஏறக்குறைய ஒன்று, ஊசி எழும்புவதற்கே போய்விடும். அந்தத் தாமதம் மாடலுக்கு மாடல் வேறு. அளவும் ஓமும் சரியாக இருந்தும் சிக்னலில் நிற்கும்போது கார் நடுங்குகிறது என்று ஆட்கள் வருவது பல நேரம் இதனால்தான். டீசல் பற்றி ஒரு வார்த்தை: எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன்ரெயில் எஞ்சின்களில், பல இன்ஜெக்டர்களின் தலையில் இருக்கும் குறியீட்டைக் கம்பியூட்டருக்குள் ஏற்ற வேண்டும். தயவுசெய்து அதைச் சுரண்டியோ பெயின்ட் அடித்தோ விற்காதீர்கள்.

ரீச்சரின் காருக்குக் கம்பியூட்டர் தேடி உங்களிடம்தான் வந்தேன். ஒரு தம்பி ஸ்டிக்கரில் இருந்த நம்பரை மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்து, கடைசி எழுத்து வேறு என்று முதல் பெட்டியைத் தரமாட்டேன் என்றார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பிறகு இன்ஜெக்டர் கேட்டேன். ஒரு பெயின்ட் வாளியைக் காட்டினார். நூறு இன்ஜெக்டராவது இருக்கும், எல்லாம் கலந்து.

அந்த வாளியைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். கழற்றும்போதே நாலையும் ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள். எந்த எஞ்சின், உடம்பில் உள்ள நம்பர் என்ன, எத்தனை ஓம் என்று மார்க்கரால் எழுதுங்கள். மல்டிமீட்டர் வைக்க அரை நிமிடம் போதும். இன்ஜெக்டர் சோதிக்கும் பெஞ்சில் போட்டுப் பார்த்திருந்தால் சீசீயையும் அழுத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள். செட்டுக்கு ஐந்நூறு ரூபா கூடக் கேட்டாலும் தருகிறோம். ஆளில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு நானே வருகிறேன், அந்த வாளியிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் உங்கள் பழைய வாடிக்கையாளன்