நுவரெலியாவில் இருக்கும் மகளுக்கு

கிளிநொச்சி,
தை மாதம்.

அன்பு மகள்,

புல்லில் துகள் பனி படிந்திருந்த உன் படம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்வி: மலையேறினால் சூரியனுக்குக் கிட்டத்தானே போகிறோம், பிறகேன் இந்தக் குளிர்? நல்ல கேள்விதான். வெயில் முதலில் நிலத்தைத்தான் சுடுகிறது, நிலம்தான் காற்றைச் சூடாக்குகிறது. மேலே போகப் போகக் காற்று விரிந்து குளிர்ந்துவிடும். 1000 மீற்றருக்கு ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்பது கணக்கு. நீ இருக்கும் ஊர் 1868 மீற்றர், பக்கத்துப் பீதுருதாலகாலை மலையின் உச்சி 2524. அங்கே இன்னும் 4 பாகை குறைவாக இருக்கும்.

ஆனால் துகள் பனி உச்சியைவிடப் பள்ளத்தைத்தான் தேடி வரும். முகிலில்லாத இரவில் நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விட, குளிர்ந்த காற்று பாரமாகிச் சரிவால் இறங்கித் தாழ்வில் தேங்கும். உன் விடுதியும் பள்ளத்தில்தானே? வானம் வெளித்திருந்தால் பின்னேரமே கீரைப் பாத்தியைச் சாக்கால் மூடிவிடு.

பருப்பு அவியவில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்காதே. உயரத்தில் காற்றழுத்தம் குறைவென்பதால் அங்கே தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், அந்தச் சூட்டில் பருப்பு அவியச் சுணங்கும். பிரஷர் குக்கர் ஒன்று வாங்கு, காசு அனுப்புகிறேன்.

அந்த மலைகளோடு எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அங்கே முட்டி, மேலெழுந்து, மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடும். இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி, கச்சான் காற்றாக எங்கள் வயலுக்குள் வரும். நீ குடையோடு திரியும் மாதத்தில் இங்கே குளம் வற்றி, மாடு தண்ணிக்கு அலையும். சரி, மழையைத்தான் பிடித்துக்கொண்டது, ஆற்றையாவது இந்தப் பக்கம் விட்டதா? உன் பக்கத்து நானு ஓயா ஆற்றுத் தண்ணீர் மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைப் பக்கம் போய்விடும். எங்கள் இரணைமடுக் குளத்துக்குக் கனகராயன் ஆறுதான். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால் கதியில்லை.

உச்சிக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். அது தொலைத்தொடர்புக் கோபுரங்களும் பாதுகாப்பும் உள்ள இடம். அனுமதியை விசாரித்துக்கொண்டு வாகனத்திலேயே போ, காட்டுக்குள்ளால் ஏறாதே. மேலே மரங்கள் கட்டையாக, பாசி போர்த்தி நிற்கும். அவற்றைப் படமெடுத்து அனுப்பு.

மாசியில் அரிவு வெட்டு. லீவு கிடைக்குமென்றால் முன்கூட்டியே சொல், மெஷினுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா