சீ ஹாரியருக்கு வெயில் ஆகாது

குளச்சல்,
ஜூன் 22

அன்புள்ள சூசை,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. அடிப்பாகத்தைச் சுரண்டுவதும் பெயின்டடிப்பதும்தான் நடக்கிறது. கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் 14-ம் தேதியே தடை முடிந்ததால் மீனுக்குப் பஞ்சமில்லை, விலைதான் கையைக் கடிக்கிறது.

செங்குத்தாக எழும்பும் சீ ஹாரியர் போர்விமானத்துக்கு, விராட் விமானந்தாங்கிக் கப்பலின் ஓடுதள நுனியில் எதற்கு மேடு என்று கேட்டிருந்தாய். எழும்பும் மக்கா, ஆனால் சுமையோடு எழும்பாது. அதன் பெகாசஸ் எஞ்சினின் உந்துவிசை சுமார் 9,750 கிலோ. எரிபொருளும் ஆயுதமும் நிறைத்தால் விமானம் 11,800 கிலோவைத் தொடும். அதனால் ஓடி வந்து, 12 டிகிரி மேட்டின் நுனியில் எஞ்சின் புகையை ஊதும் நான்கு நாசில்களையும் கீழ்ப்பக்கம் திருப்பி, சுமையில் ஒரு பங்கை எஞ்சினும் மீதியைச் சிறகும் தாங்குகிற மாதிரி பாய வேண்டும்.

இறங்குவதுதான் பெரும்பாடு. கப்பலின் இடப்பக்கம் அதே வேகத்தில் மிதந்து, பக்கவாட்டில் தளத்துக்கு மேல் நகர்ந்து இறங்கணும். அப்போது சிறகால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெயிலில் காற்று லேசாகிவிடும். உந்துவிசை குறையும், டர்பைன் சூடு எல்லையைத் தொடும். தளத்தில் மோதித் திரும்பும் சூடான புகையை எஞ்சின் மறுபடி இழுத்தால் இன்னும் மோசம். அதைத் தணிக்கத்தான் எஞ்சினுக்குள் பீய்ச்ச 225 லிட்டர் போலத் தண்ணீர். கனிமம் நீக்கிய தண்ணீரே ஊற்றணும். திறந்தால் ஒன்றரை நிமிஷம்கூடத் தாங்குவது சந்தேகம். அந்தத் தண்ணீரும் ஒரு சுமை என்பதை யோசித்துப் பார்!

1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் சீ ஹாரியர் 20 எதிரி விமானங்களை வீழ்த்தியது, வான்சண்டையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. அது தென் அட்லாண்டிக் குளிர். நம் கடலில் அந்தச் சலுகை கிடையாது.

உப்பு விஷயமும் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படை ஹாரியரின் எஞ்சினில் மக்னீசிய வார்ப்புகள் இருந்தன. உப்புக்காற்றில் அவை பொடிந்துபோகும். கடலுக்கென்று அலுமினியத்தில் மாற்றியதுதான் பெகாசஸ் 104. படகு எஞ்சினை உப்பு அரிக்காமலிருக்கத் துத்தநாகக் கட்டி வைக்கிற உனக்கு இதை விளக்க வேண்டாம். மெக்கானிக்குகளின் வயிற்றெரிச்சல் வேறு: எஞ்சினைக் கழற்ற முதலில் சிறகு முழுவதையும் ஒரே துண்டாகத் தூக்கி எடுக்கணும்.

1983 டிசம்பரில் கோவா தபோலிம் கடற்படை விமானத்தளத்துக்கு முதல் மூன்று சீ ஹாரியர்கள் வந்தன. அவை சேர்ந்தது கடற்படை விமானப் பிரிவான 300-வது ஸ்குவாட்ரன், ‘வெள்ளைப் புலிகள்’. முதலில் விக்ராந்த் கப்பலில், 1987 முதல் விராட்டில். பிற்பாடு இஸ்ரேலிய ரேடாரும் டெர்பி ஏவுகணையும் பொருத்தினார்கள். 2016 மே மாதம் ஓய்வு. இடத்தைப் பிடித்தது மிக்-29கே போர்விமானம். வாங்கிய சீ ஹாரியர்களில் பாதிக்கு மேல் விபத்தில் போயின. விமானிகளைக் குறை சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு ஒப்புதல் இல்லை. தவறினால் திருத்திக்கொள்ள அந்த விமானம் நேரமே தராது.

கோவா போகும்போது கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குப் போ. ஹாரியரின் சிறகு நுனியைக் குனிந்து பார். எஞ்சினிலிருந்து வரும் காற்றை ஊதும் வாய் தெரியும். மூக்கிலும் வாலிலும்கூட உண்டு. அந்தரத்தில் நிற்கும்போது சாயாமல் பிடிப்பது அவைதான். அதற்கும் காற்று அந்த ஒரே எஞ்சினிலிருந்துதான் போகணும்.

அன்புடன்,
தங்கராஜ்