சுவிஸ் சம்பளத்த மட்டும் பாத்தா போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். ஜெர்மனிய விட சுவிட்சர்லாந்துல வாழ்க்கைத் தரம் எங்கயோ இருக்குன்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். சம்பளம் அதிகம், ட்ரெயின் டயத்துக்கு வருது, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா குடும்பம் நடத்துறவங்க நிலைமைய கட்டுரை தொடவே இல்லயே.

ஜெர்மனில பெரும்பாலானவங்களுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் சம்பளத்துல ஒரு சதவீதமா போகுது, கிட்டத்தட்ட பாதிய முதலாளி கட்டுறாரு, வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளைங்களும் தனியா எதுவும் கட்டாம அதுலயே சேந்துக்கலாம். சுவிஸ்ல ஆளுக்கு ஒரு பிரீமியம், பச்சக் குழந்தைக்கும் தனி, முதலாளி பங்குன்னு ஒண்ணும் கிடையாது, அதுக்கும் மேல பெரியவங்க வருஷத்துக்கு மொத 300 பிராங்க் வைத்தியச் செலவ கைக்காசுலதான் பாக்கணும், பிரீமியம் குறையட்டும்னு அத 2500 வரைக்கும் ஏத்திக்கிட்டு அப்புறம் டாக்டர்கிட்ட போகவே யோசிக்கிறவங்க உண்டு. வருமானம் கம்மின்னா மானியம் இருக்கு, சரி, நடுத்தரக் குடும்பம் என்ன பண்ணும்? சுவிஸ்ல அம்மாக்களுக்கு சட்டப்படி பிரசவ லீவு வெறும் 14 வாரம். ஜெர்மனில பிள்ளைக்கு மூணு வயசு வரைக்கும் வேலை போகாம லீவுல இருக்கலாம், அது எவ்வளவு பெரிய நிம்மதி!

சனிக்கிழமை சுவிஸ் பார்டர்ல இருக்குற எங்க பாசல்ல 8ம் நம்பர் டிராம்ல ஏறிப் பாருங்க, விலை கம்மின்னு பார்டர் தாண்டி ஜெர்மன் ஊரான வைல் அம் ரைன்ல கறி, டயப்பர், ஷாம்பு வாங்கப் போற சுவிஸ்காரங்க கூட்டம் தெரியும். 2025லேர்ந்து ஆளுக்கு 150 பிராங்குக்கு மேல வாங்கிட்டு வந்தா சுவிஸ் வரி, முன்னாடி 300 வரைக்கும் விட்டாங்க.

அடுத்த கட்டுரைல வாடகை, பிரீமியம், டேகேர் எல்லாம் கழிச்ச கணக்கையும் தயவுசெஞ்சு போடுங்க.

– வாசகி, பாசல்