தாள்களைக் காயவைத்த அண்ணாவுக்கும், மற்ற எல்லாருக்கும்

முதுமலைக் காட்டில் விலங்குக் கணக்கெடுப்புப் பயிற்சிக்குப் போன இடத்தில் என் காலில் அடிபட்டு, பையும் ஓடையில் போனது. என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும், நான் போனில் அழுததைக் கேட்டவர்களும் இதைப் படிப்பீர்கள், அதனால் மறுபடி சொல்லப்போவதில்லை. எல்லாரும் நலம். என் கால்கட்டைப் பிரித்தாயிற்று.

ராத்திரி என்றும் பார்க்காமல் ஜீப் எடுத்து வந்த வனத்துறையினர், தையல் போட்ட டாக்டர், விடியும்வரை கூடவே இருந்த நர்ஸ் அக்கா, கூடலூரில் மாற்றுத்துணி வாங்கி வந்த சீனியர்கள், பயிற்சிக் கட்டணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்ட ஒருங்கிணைப்பாளர் (வேண்டாம் சார், திரும்ப வருவேன்), எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் எங்களோடு ட்ரான்செக்ட் (நேர்கோட்டில் நடந்து, கண்ணில் படும் விலங்குகளைக் குறித்துக்கொள்வது) நடந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஓடையில் போன என் பையை மறுநாள் அவராகவே தேடி எடுத்திருக்கிறார். ஜிபிஎஸ், தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் இரண்டும் காலி. டேட்டா ஷீட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகும் நிலையில் இருந்தனவாம். முகாமில் சோறாக்கி முடித்ததும் அடுப்போரம் சூடாக இருந்த கல்லில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் போட்டு, சுருளாமல் மூலைக்கு மூலை கூழாங்கல் வைத்துக் காயவைத்திருக்கிறார். பென்சிலில் எழுதியது என்பதால் எதுவும் அழியவில்லை. புள்ளிமான் 7, தூரம் 42 மீட்டர், பக்கத்தில் காம்பஸ் கோணம், அப்படியே இருக்கிறது. அந்தத் தூரமும் கோணமும் இல்லாவிட்டால் நடந்த கோட்டிலிருந்து மான் எவ்வளவு தள்ளி நின்றது என்று தெரியாது, அது தெரியாமல் வெறும் தலை எண்ணிக்கையை வைத்து அடர்த்தியைக் கணக்கிட முடியாது.

ஒரு தாளின் மூலை மட்டும் கிழிந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்கே மஞ்சப்பையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அது காட்டுமாடு பாப்பா. ரெண்டு பெருசு, ஒரு கன்னு. வேங்கை மரத்துக்கு இந்தப் பக்கம் நின்னுச்சு" என்றார். அதை ஓரத்தில் குறித்துக்கொண்டேன், கணக்கில் சேர்க்கவில்லை. அளவு போனது போனதுதான், நினைவை வைத்து நிரப்பக்கூடாது. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "ஆமா, அளவு இல்லாம எப்படி எழுதுவ" என்று அவரே முடித்துவிட்டார்.

விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் கேமரா ட்ராப்பை முழங்கால் உயரத்தில் கட்ட வேண்டும், புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு என்பதால் பாதையின் இருபுறமும் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் கையேட்டில் படித்துவிடலாம். எந்தப் பாதையில் வைப்பது? உண்ணிச்செடிப் புதருக்குள் புலி எங்கே நுழைகிறது, செந்நாய்க் கூட்டம் எந்த முக்கில் எச்சம் போடும், இதையெல்லாம் அண்ணா மாதிரி ஆட்கள் காட்டித்தான் நமக்குத் தெரிகிறது. அப்புறம் அறிக்கையில் 'களப்பணியாளர்கள் உதவினர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு இது பிடிக்கவே இல்லை.

என் ஆய்வேட்டில், அவர் சம்மதித்தால், வழிகாட்டியின் பெயருக்கு அடுத்து அவர் பெயர்தான். முடிவுகளைத் தமிழில் எழுதி முகாமில் ஒரு பிரதி கொடுக்கவும் போகிறேன். மழை விட்டதும் அடுத்த சுற்று தொடங்குகிறது. கால் ஒத்துழைத்தால் நானும் வருகிறேன், அண்ணா முன்னால் நடப்பதாக இருந்தால் அதே கோட்டிலேயே.