பனியன் துணியில் டாப்ஸ்: வீட்டு மெஷினே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை தொடங்கியதும் பருத்தி உடுத்துங்கள், தளர்வாக உடுத்துங்கள் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதுகின்றன. நல்லதுதான். ஆனால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கடைக்குப் போய்ப் பாருங்கள், இழுத்தால் நீளும் டாப்ஸ் என்று தொங்குவதில் பெரும்பாலானவை பாலியஸ்டர். பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் வரை ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது, அதனால் வியர்வை உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். கத்திரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

பருத்திப் பனியன் துணியை வாங்கி நாமே தைத்துக்கொள்ளலாமே! துணி எங்கோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை, இதே தமிழ்நாட்டில் திருப்பூரில் மலைமலையாக உருவாகிறது. இங்கே தையற்கடையில் கொண்டுபோய் நீட்டினால் "ஓவர்லாக் இல்லாம இது வராதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஓரத்தை வெட்டிக்கொண்டே நூலால் சுற்றித் தைக்கும் அந்த ஓவர்லாக் மெஷின் இருந்தால் வேகமாக முடியும், அவ்வளவுதான். பனியன் துணி பிசிறு பிரியாது, ஓரம் சுருண்டுகொள்ளும், அதனால் உள்தையலை அப்படியே விட்டாலும் ஒன்றும் ஆகாது.

முதலில் ஊசி. சேலைத் துணி பாவும் ஊடுமாக நெய்தது, பனியன் துணி அப்படியில்லை, நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னியது, அதனால்தான் நீள்கிறது. கூரான சாதாரண ஊசி அந்த வளையத்தை அறுத்துவிடும், ஒரு துளை விழுந்து துவைக்கத் துவைக்க ஏணி மாதிரி ஓடும், இல்லையென்றால் தையல் விட்டு விட்டு விழும். முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி என்று கேட்டு வாங்குங்கள், மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர் போதும். நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும், பருத்தி நூல் இழுத்தால் அறுந்துவிடும்.

ஜிக்ஜாக், அதாவது வளைந்து வளைந்து விழும் தையல், உள்ள மெஷின் என்றால் கவலையே இல்லை, குறுகலான ஜிக்ஜாக் வைத்துத் தைத்தால் தையலும் துணியோடு சேர்ந்து நீளும். வீட்டில் இருப்பது பழைய கறுப்பு மிதி மெஷின்தான் என்றாலும் விட வேண்டாம். துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்துக்கு மேலே உள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்து நேர்த்தையல் போடலாம். துணியை நகர்த்தும் அடிப்பல்லில் துணி சிக்கினால் அடியில் மெல்லிய தாள் ஒன்றை வைத்துத் தைத்து, அப்புறம் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். கோடைக்குத் தொளதொளவென்று தைக்கும் டாப்ஸில் பக்கத் தையல் நீளவே தேவையில்லை, தலை நுழைகிற கழுத்து மட்டும் நீண்டால் போதும்.

வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்துக் காயவைத்தே ஆக வேண்டும். பருத்திப் பனியன் நீளவாட்டில் நன்றாகவே சுருங்கும். அப்புறம், எந்தப் பக்கம் அதிகமாக நீள்கிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வருகிற மாதிரி வெட்ட வேண்டும். சரியாகப் பொருந்தும் பழைய டாப்ஸ் ஒன்றை விரித்து வைத்து வரைந்துகொண்டால் அளவுக்கு வேறு எங்கும் போக வேண்டாம். அகலத் துணியில் சாதாரண அளவுக்காரர்களுக்கு ஒரு மீட்டரிலேயே முடிந்துவிடும். தோள் தையலில் மட்டும் நீளாத மெல்லிய நாடா ஒன்றைச் சேர்த்துத் தையுங்கள், இல்லாவிட்டால் தோள் தொங்கிப்போகும்.

கழுத்துப் பட்டிதான் எல்லாரும் கோட்டைவிடும் இடம். கழுத்துச் சுற்றளவுக்குச் சமமாகப் பட்டி வெட்டினால் அது அலை அலையாக எழும்பி நிற்கும். கழுத்து 24 அங்குலம் என்றால் பட்டி இருபது, இருபதரைதான் இருக்க வேண்டும், அதை இழுத்துக் கொடுத்துத் தைத்து, கடைசியில் இஸ்திரிப் பெட்டியின் ஆவி பட்டால் படிந்து உட்கார்ந்துவிடும்.

கண்டாங்கி இருக்க இதெல்லாம் எதற்கு என்று எங்கள் ஊர் ஆச்சிமார் கேட்கலாம். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை, அதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அதுவும் பருத்திதான். ஆனால் ஸ்கூட்டரில் போகும் பெண்ணும் இரவு தூங்கப் போகும் குழந்தையும் கண்டாங்கி கட்டிக்கொள்ள முடியாதே.

சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் மெஷின் கொடுக்கிறது. அதை வாங்கும் பெண்களுக்கு எங்கள் பக்கத்துத் தையல் வகுப்புகளில் ஜாக்கெட், சுடிதார், பாவாடை வரைக்கும்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், பனியன் துணியை யாரும் தொடுவதே இல்லை. கற்றுக்கொண்டால் வீட்டுத் தேவைக்கும் ஆகும், அக்கம்பக்கத்தில் தைத்துக் கொடுத்து நாலு காசும் பார்க்கலாம். உங்கள் மகளிர் பக்கத்தில் ஜாக்கெட் கட்டிங் வருகிற மாதிரி, பனியன் துணி டாப்ஸுக்கும் அளவு எண்களோடு படம் போட்டு ஒரு பக்கம் வெளியிடுங்கள். பங்குனிக்குள் வந்தால் கத்திரிக்கு முன்பே தைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.