திரும்பி வருவோருக்கு விமான நிலையத்திலேயே வழக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழக முகாம்களில் இருக்கும் இலங்கை அகதிகள் ஊர் திரும்ப வேண்டும் என்று மாறிமாறி வந்த அரசாங்கங்கள் எல்லாம் சொல்லிவிட்டன. ஆனால் 2025 மே மாதம் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், முன்னொரு காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போன குற்றத்துக்காகக் கைதானார். அவர் ஒளித்து வந்தவரல்லர், ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் உதவியோடு வந்தவர். எமது தூதரகம் வழங்கிய பயண ஆவணம் இல்லாமல் அப்படி ஒருவர் விமானம் ஏறவே முடியாது. ஓர் அலுவலகம் கையொப்பமிட்டு வரவழைக்க, இன்னோர் அலுவலகம் வாசலில் வைத்துப் பிடிக்கிறது.

அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட துறை அல்லாத இடத்தினூடாக வெளியேறுவது குற்றம். பேசாலையிலும் தலைமன்னாரிலும் இரவோடிரவாகப் படகேறியவர்களுக்கு அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. நடைமுறையை மாற்றுவோம் என்று அமைச்சர் சொல்வது நல்லதுதான். ஆனால் சட்டப் புத்தகத்தில் வரி மாறாதவரை, கருமபீடத்தில் இருக்கும் அதிகாரி வாய்ச்சொல்லை நம்பி ஒருவரை வெளியே விடமாட்டார். 1983 ஜூலை முதல் 2009 மே வரை போரினால் வெளியேறி, அகதியாகப் பதிவு பெற்றவர்மீது இந்தக் குற்றச்சாட்டு தாக்கல் செய்யப்படலாகாது என்று ஒரு சிறு திருத்தம் போதும். அது நிறைவேறும்வரை சட்டமா அதிபர் எழுத்தில் அறிவுறுத்தல் கொடுக்கலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் கடல் கடந்தவர்களின் விடயம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் திருத்தம் இழுபடும்.

இந்தியாவும் அகதிகள் தொடர்பான 1951 உடன்படிக்கையில் ஒப்பமிடாத நாடுதான். அப்படியிருந்தும் 2025 செப்டெம்பரில் வெளியிட்ட உத்தரவொன்றில், 2015 ஜனவரி 9 வரை அங்கே தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்கள்மீது கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்காகத் தண்டனை நடவடிக்கை எடுப்பதில்லை என்று விலக்கு அளித்தது. வந்தேறிய நாடு கொடுத்த விலக்கைச் சொந்த நாடு கொடுக்கவில்லை.

கைது வெளியே தெரிந்த கதை. பலரை ஊருக்கு வந்த பின்னும் அலையவைப்பது பிள்ளைகளின் குடியுரிமைச் சான்றிதழ். முகாம்களில் இன்னும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். இவர்களில் அங்கேயே பிறந்த தலைமுறை பெரியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ இங்குள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதிய வேண்டும். தவறினால் தகுந்த காரணம் காட்டி அமைச்சரின் அனுமதியோடு பதியலாம். 2003 திருத்தத்துக்குப் பின் தாய் வழியாகவும் குடியுரிமை வரும். இதை அறியாமல் தகப்பனின் பத்திரத்துக்காகவே காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

சிக்கல் தொடங்குவது தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில். அங்கே பெயரில்லாமலேயே பிறப்பைப் பதியலாம். பெயரைப் பின்னர் சேர்க்கக் கட்டணத்தோடு 15 வருட அவகாசம் உண்டு. பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும் சான்றிதழோடு இங்கு வந்தால் பத்தரமுல்லையிலுள்ள அந்தத் திணைக்களத்தில் கோப்பு அப்படியே நின்றுவிடும். திருத்துவதற்குத் திரும்ப மதுரைக்கோ திருச்சிக்கோ யார் போவது? பதியப்படாத பிறப்பென்றால், ஒரு வருடம் கடந்த பின் அங்குள்ள வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். அதையும் புறப்படுமுன் எடுத்தாக வேண்டும். அடுத்தது பெயர் எழுதும் முறை. முகாம் பதிவில் 'சி. குமார்' என்றிருப்பவர் தன் இலங்கைப் பிறப்பு அத்தாட்சியில் 'சிவலிங்கம் செல்வகுமார்' என்றிருப்பார். பிள்ளையின் பத்திரத்தில் தகப்பன் பெயர் மூன்றாவது விதமாக இருக்கும். சத்தியக்கடதாசி ஒன்றால் இது தீரலாம், தீராமலும் போகலாம். எந்த அலுவலர் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. கோவிலில் தாலி கட்டி, விவாகத்தைப் பதியாமல் விட்டவர்களுக்கு இன்னொரு சுற்று.

குடியுரிமைச் சான்றிதழ் இல்லாவிட்டால் தேசிய அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, வாக்காளர் இடாப்பு எல்லாவற்றிலும் இழுபறி. கிராம உத்தியோகத்தர் நல்ல மனதோடு கடிதம் கொடுத்தாலும் அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மலையகப் பூர்வீகமுள்ள இந்திய வம்சாவளியினருக்கு வழி வேறு. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை தந்தது. போரினால் இந்தியா போனவர்களுக்காக 2009இல் வதிவிட நிபந்தனை தளர்த்தப்பட்டது. மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறி, அங்கிருந்து இந்தியா போனவர்களில் பலருக்கு இது தெரியாது. தவறான விண்ணப்பத்தை நிரப்பி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

ஆகவே வேலை நடக்க வேண்டிய இடம் சென்னையும் மண்டபம் அகதி முகாமும். இந்திய வெளியேறும் அனுமதிக்குக் தமிழகப் பொலிஸின் கியூ பிரிவிடம் ஆட்சேபனையின்மைச் சான்று பெறவேண்டியிருப்பதால், புறப்படுமுன் எப்படியும் காத்திருப்பு உண்டு. அந்த இடைவெளியில் சென்னையிலுள்ள எமது பிரதி உயர்ஸ்தானிகராலயமும் பதிவாளர் நாயகம் திணைக்களமும் முகாம்களில் நடமாடும் சேவை நடத்தி, பெற்றோரின் இலங்கைப் பதிவுகளை இங்கிருந்தே தேடிக் கொடுத்து, பிள்ளைகளின் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பலாம். தாமதக் கட்டணத்தை இவர்களிடம் அறவிடக் கூடாது. வருவோரின் பெயர்ப்பட்டியல் உரிய பிரதேச செயலகத்துக்கும் விமான நிலையக் குடிவரவுப் பிரிவுக்கும் முன்கூட்டியே போக வேண்டும்.

இன்னொன்று: முப்பது வருடக் குடித்தனத்தை விமானப் பொதியில் அடக்க முடியாது. தையல் இயந்திரமும் தச்சுக் கருவிகளும்தான் அவர்களின் முதலீடு. நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலில் திரும்புவோரின் பொருட்களுக்குத் தனி எடை அனுமதியும் சுங்க விலக்கும் கொடுப்பதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06